ரேமுக்கு விரிவாக்கம் தெரியும்... அர்த்தம் தெரியுமா?

செல்போன் கடைகளில் அடிக்கடி கேட்கக் கிடைக்கும் உரையாடல் இது.

"தம்பி, இதுல 8, 128ன்னு போட்டிருக்கே, அது என்னது?"

"128 ஜிபி மெமரிங்க ஐயா."

"அப்ப இந்த 8?"

"அதுவும் மெமரிதாங்க. அது ரேம்."

"ரெண்டும் மெமரின்னா எதுக்கு ரெண்டு நம்பர்?"

"8 இருந்தா ஸ்பீடா இருக்கும்ங்க ஐயா. நல்ல போன், நம்பி எடுங்க."

பெரியவரும் நம்பி எடுத்துக்கொண்டு போய்விடுவார். அவர் கேட்டது மிகச் சரியான கேள்வி. பதில்தான் கிடைக்கவில்லை. கடைப் பையனையும் குறை சொல்ல முடியாது, அவனுக்கு யாராவது சொல்லியிருந்தால்தானே அவன் சொல்லுவான்!

பிளஸ் டூவில் வணிகவியலோடு கணினிப் பயன்பாடு எடுத்தவர்கள் எல்லோருக்கும் ஒரு மதிப்பெண் கேள்விகள் நினைவிருக்கும். ரேம் விரிவாக்கம் என்ன? ரேண்டம் ஆக்ஸஸ் மெமரி. ஒரு மதிப்பெண் வாங்கியாகிவிட்டது. ஆனால் அந்த மூன்று வார்த்தைகளை அந்தப் பெரியவரிடம் சொல்லிப் பாருங்கள். ஒரு குழப்பம் போய் மூன்று குழப்பம் வந்துவிடும் :-)

கணினிச் சொற்களை விளக்குகிறோம் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் செய்கிற தவறு இதுதான். எழுத்துகளை விரித்துச் சொல்லிவிட்டு, விளக்கியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். சாதாரண ஆளுக்கு ஒரு சொல் எதற்குத் தெரிய வேண்டும்? மூன்றே காரணங்கள்தான். இதற்கு எவ்வளவு காசு கொடுக்கலாம்? இதை அழுத்தினால் எது போகும், போனது திரும்பி வருமா? இதை யாரிடம் கொடுக்கிறோம்? இந்த மூன்றில் ஒன்றுக்காவது பதில் சொல்லாத விளக்கம் பரீட்சைக்கு உதவலாம், வீட்டுக்கு உதவாது.

சரி, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

மேசையும் குடோனும்

ஒரு மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். பின்னால் குடோன். முன்னால் தராசு வைத்த மேசை. வாடிக்கையாளர் கேட்ட பருப்பும் சர்க்கரையும் குடோனிலிருந்து மேசைக்கு வரும். அங்கேதான் நிறுத்துப் பொட்டலம் கட்டுவார்கள். இரவு கடை அடைக்கும்போது மேசை காலியாகிவிடும், குடோனில் சரக்கு அப்படியே இருக்கும்.

குடோன்தான் ஸ்டோரேஜ், அதாவது அந்த 128. மேசைதான் ரேம், அதாவது அந்த 8. நிறுத்துக் கட்டுகிற கடைக்காரர் பிராசஸர். போனை அணைத்தால் ரேமில் இருந்ததெல்லாம் போய்விடும், போட்டோக்கள் போகாது. மேசை சின்னதாக இருந்தால் ஒரே நேரத்தில் நாலு பேருக்குச் சரக்குக் கட்ட முடியாது. அதனால்தான் ரேம் குறைந்த போனில் மேப் பார்த்துக்கொண்டே பாட்டுக் கேட்டால் முக்கி முனகுகிறது. போட்டோ வைக்க இடமில்லை என்று போன் புலம்பினால் அது குடோன் பிரச்சினை. மேசையைப் பெரிதாக்கி அதைத் தீர்க்க முடியாது.

இது புரிந்தால் இன்னொரு விஷயமும் புரியும். சில போன்களில் 8 ஜிபி ரேமோடு இன்னொரு 8 ஜிபியைச் சேர்த்து '16 ஜிபி வரை' என்று விளம்பரம் செய்கிறார்கள். கூடுதல் 8 உண்மையான ரேம் கிடையாது. குடோனில் ஒரு மூலையை ஒதுக்கி மேசை மாதிரிப் பயன்படுத்துகிறார்கள். கடைக்காரர் ஒவ்வொரு முறையும் உள்ளே ஓடி ஓடி வரவேண்டும், வேகம் குறைவுதான். அதற்கு 16 ஜிபி ரேமின் விலையைக் கொடுக்க வேண்டியதில்லை. விரிவாக்கம் மட்டும் தெரிந்தவரால் இதைக் கண்டுபிடிக்க முடியுமா?

இதே மாதிரிதான் சிபியு. நம் ஊரில் மேசைக்குக் கீழே இருக்கும் முழுப் பெட்டிக்கும் அந்தப் பெயர் வைத்துவிட்டார்கள். உண்மையில் சிபியு என்பது அந்தப் பெட்டிக்குள் இருக்கும் பிராசஸர். "சிபியு போயிடுச்சு" என்று ரிப்பேர் கடையில் சொன்னால், போனது பல நூறு ரூபாய் பவர் சப்ளையா, பல ஆயிரம் ரூபாய் பிராசஸரா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது பர்சுக்கு நல்லது.

ஒரே 'பி', இரண்டு கணக்கு

அடுத்தது இணைய வேகம். 100 எம்பிபிஎஸ் இணைப்பு வாங்குகிறார் ஒருவர். 2 ஜிபி படம் ஒன்றை இறக்குகிறார். நொடிக்கு 100 எம்பி என்றால் 20 நொடியில் முடிய வேண்டும், ஆனால் எல்லாம் சரியாக ஓடினாலும் 2 நிமிடம் 40 நொடி ஆகிறது. ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபம் வருகிறது.

விஷயம் என்னவென்றால், வேகத்தை 'பிட்'டில் சொல்கிறார்கள், கோப்பின் அளவை 'பைட்'டில் சொல்கிறார்கள். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். 100-ஐ 8-ஆல் வகுத்தால் 12.5. அதாவது நொடிக்கு 12.5 மெகாபைட்தான் வரும். ஆங்கிலத்தில் பிட்டுக்குச் சின்ன எழுத்து, பைட்டுக்குப் பெரிய எழுத்து என்று ஒரு வித்தியாசமாவது உண்டு. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாதே! இரண்டையும் 'எம்பி' என்றுதான் எழுதுகிறோம், சொல்கிறோம். ஆகவே தமிழில் படிப்பவருக்கு இந்தக் குழப்பம் இரட்டிப்பு. விளம்பரம் எழுதுகிறவர்கள் மெகாபிட், மெகாபைட் என்று முழுதாக எழுதினால் என்ன குறைந்துவிடும்?

1 டிபி ஹார்ட் டிஸ்க் வாங்கி விண்டோஸ் கணினியில் மாட்டினால் 931 ஜிபி என்று காட்டும். மீதி 69 ஜிபி எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. தயாரிப்பாளர் 1000, 1000 ஆகப் பெருக்கிக் கணக்குப் போடுகிறார், விண்டோஸ் 1024, 1024 ஆகப் போடுகிறது. 1024 கணக்குக்கு 'ஜிபிபைட்' என்று தனிப் பெயரே 1998-ல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் வைத்துவிட்டது. விண்டோஸ் மட்டும் இன்னும் ஜிபி என்றே காட்டிக்கொண்டிருக்கிறது. பேரேட்டில் ஒரு பக்கம் ஒரு அலகிலும் மறுபக்கம் வேறு அலகிலும் எழுதிவிட்டு, கணக்கு உதைக்கிறது என்று சொல்வது போலத்தான் இது.

இதெல்லாம் பணக்காரக் கவலை என்று நினைக்க வேண்டாம். வேலைக்கான ஆன்லைன் விண்ணப்பங்களில் 'புகைப்படம் 50 கேபிக்குள் இருக்க வேண்டும்' என்று ஒரு வரி இருக்கும். போனில் எடுத்த படம் 4 எம்பி, அதாவது சுமார் 4000 கேபி. அதை 80-ல் ஒரு பங்காகச் சுருக்க வேண்டும். கேபி என்றால் என்னவென்று தெரியாதவர் கடைசி நாள் இரவில் திரும்பத் திரும்ப அதே படத்தை ஏற்றிப் பார்த்து, 'எரர்' என்று வருவதைப் பார்த்து, சர்வர் சரியில்லை என்று முடிவு கட்டிவிடுவார். ஒரு வருடப் படிப்பு இரண்டு எழுத்தில் போய்விடக்கூடாது அல்லவா?

பைட்டை உணர ஒரு சின்ன கணக்கு. யூனிகோடில் ஓர் ஆங்கில எழுத்து 1 பைட் (யூடிஎஃப்-8 முறையில்). 'அம்மா' என்று எழுதினால் 15 பைட். அ, ம, புள்ளி, ம, கால் என்று 5 குறிகள், ஒவ்வொன்றுக்கும் 3 பைட். எஸ்எம்எஸ்ஸில் முறை வேறு, ஆனால் கதை அதேதான். ஆங்கிலத்தில் 160 எழுத்து ஒரு மெசேஜில் போகும், தமிழில் 70 குறிகள்தான். தமிழில் நீளமாக எஸ்எம்எஸ் அனுப்பினால் சட்டென்று இரண்டு மெசேஜ் ஆகிவிடுவதற்குக் காரணம் இதுதான்.

அழிப்பதில் இத்தனை வகையா?

காசு போனால் சம்பாதிக்கலாம். குழந்தையின் முதல் பிறந்தநாள் போட்டோ போனால்? இந்த இடத்தில்தான் சொற்கள் உண்மையிலேயே ஆபத்தாகின்றன.

ஆண்ட்ராய்டு போனில் ஒவ்வொரு ஆப்புக்கும் 'கிளியர் கேஷ்', 'கிளியர் டேட்டா' (சில போன்களில் 'கிளியர் ஸ்டோரேஜ்') என்று இரண்டு பொத்தான்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கேஷ் என்றதும் வணிகவியல் மாணவர்கள் கல்லாப்பெட்டியை நினைக்க வேண்டாம் :-) இந்தக் கேஷ், ஆப் தன் வசதிக்காகத் தற்காலிகமாக எடுத்து வைத்துக்கொள்ளும் நகல்கள். அழித்தால் நஷ்டமில்லை, தேவைப்பட்டால் அதுவே மறுபடி கொண்டுவந்துவிடும். டேட்டாவை அழித்தால் அந்த ஆப் புதிதாகப் போட்டது போல ஆகிவிடும். லாகின் போகும், செட்டிங்ஸ் போகும், வேறெங்கும் பிரதி இல்லாத விஷயங்கள் அடியோடு போகும். ஒன்று கடை வாசலைப் பெருக்குவது, இன்னொன்று கடையையே காலி செய்வது. இரண்டுக்கும் பொத்தான் ஒரே அளவுதான்!

அடுத்து பேக்கப்பும் சிங்க்கும். பேக்கப் என்றால் இன்னொரு பிரதி எடுத்துத் தனியாக வைப்பது. சிங்க் என்றால் இரண்டு இடத்தையும் எப்போதும் ஒரே மாதிரி வைத்திருப்பது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். கூகுள் போட்டோஸில் பேக்கப் என்று பெயர் இருந்தாலும், அந்த ஆப்பில் ஒரு படத்தை 'டெலீட்' செய்தால் போனிலும் போகும், கூகுள் கணக்கிலும் போகும். குப்பைத் தொட்டியில் 60 நாள் இருக்கும், அதற்குப் பிறகு கிடைக்காது. அதே ஆப்பில் 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்று இன்னொன்று இருக்கிறது. அது, ஏற்கெனவே மேலே ஏறிய படங்களைப் போனிலிருந்து மட்டும் நீக்கும். போனில் இடம் வேண்டும் என்பவர் அழுத்த வேண்டியது இதை. 'மேலேதான் பேக்கப் இருக்கிறதே' என்று நம்பி டெலீட் அழுத்தியவர்கள் எத்தனை பேரோ!

அந்த 'மேலே' என்பது கிளவுட். மேகமும் இல்லை, ஆகாயமும் இல்லை. ஏதோ ஓர் ஊரில், ஒரு பெரிய கட்டடத்தில், வேறொருவருக்குச் சொந்தமான கணினிகள். சுருக்கமாக, வாடகை குடோன். குடோன்காரர் விதியை மாற்றுவார். கூகுள் போட்டோஸ் அளவில்லாமல் இலவசமாகப் படம் வைக்க விட்டது 2021 ஜூன் 1-உடன் முடிந்தது. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து 15 ஜிபி என்ற கணக்குக்குள் புதுப் படங்களும் வந்துவிட்டன. வாடகை குடோன் என்று முதலிலேயே புரிந்திருந்தவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருந்திருக்காது.

ரிப்பேர் கடையில் "சாஃப்ட்வேர் போடணும்" என்று சொல்வார்களே, அதையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். பல நேரங்களில் அதன் பொருள், போனை முழுவதும் துடைத்துவிட்டு முதல் நாள் நிலைக்குக் கொண்டுபோவது. "சரி, போடுங்க" என்று சொல்வதற்கு முன் "உள்ளே இருக்கிறது எல்லாம் போயிடுமா?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும்.

கும்பகோணம் போர்டும் வெப்சைட் முகவரியும்

நெடுஞ்சாலை ஓரமெல்லாம் 'கும்பகோணம் டிகிரி காபி' போர்டு இருக்கிறது. போர்டைப் பார்த்து, வண்டி கும்பகோணம் வந்துவிட்டது என்று யாராவது இறங்குவார்களா? இணையத்தில் மட்டும் இறங்கிவிடுகிறார்கள்.

வெப்சைட் முகவரியில் பெயர்கள் புள்ளி வைத்துப் பிரிந்திருக்கும். முதல் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக எது நிற்கிறதோ அதுதான் ஊர். அதற்கு முன்னால் இருப்பதெல்லாம் கடைக்காரர் இஷ்டத்துக்கு மாட்டிக்கொள்ளும் போர்டு. 'வங்கிபெயர்.சலுகை.காம்' என்ற முகவரி 'சலுகை.காம்' வைத்திருப்பவருடையது, வங்கியினுடையது அல்ல. இந்தியாவில் வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31-க்குள் '.பேங்க்.இன்' என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது நல்ல காரியம். ஆனால் முகவரியின் கடைசியைப் பார்க்கத் தெரியாதவருக்கு அதனால் பலனில்லை. '.பேங்க்.இன்.சலுகை.காம்' என்று வந்தாலும் அவர் நம்பிவிடுவார்.

பூட்டுப் படம் இருந்தால் பத்திரம் என்பது இன்னொரு தவறான பாடம். பூட்டு சொன்னதெல்லாம், வழியில் யாரும் பிரித்துப் படிக்க முடியாது என்பது மட்டுமே. கடிதத்தை ஒட்டி, முத்திரை வைத்து, திருடன் வீட்டுக்கே அனுப்பினாலும் அது ஒட்டிய கடிதம்தான். மக்கள் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதால் 2023-ல் குரோம் உலாவி அந்தப் பூட்டுப் படத்தையே முகவரிப் பட்டியிலிருந்து எடுத்துவிட்டது.

கோப்பின் பெயரிலும் கடைசியைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்று பெயர் வைத்து வரும் கோப்பு '.ஏபிகே' என்று முடிந்தால் அது பத்திரிகை அல்ல. போனில் ஒரு புது ஆப்பை நிறுவும் கோப்பு அது. திறந்து 'அனுமதி' கொடுத்தால் எஸ்எம்எஸ் வரை வெளியாள் படிக்கலாம்.

கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரியாமலே

ஓடிபி விரிவாக்கம் எல்லோருக்கும் தெரியும், ஒன் டைம் பாஸ்வேர்டு. 'ஒருமுறைதானே, சொன்னால் என்ன?' என்று அந்த விரிவாக்கமே நினைக்க வைக்கிறது. ஓடிபியைக் 'கையெழுத்து' என்று சொல்லிக்கொடுத்திருந்தால் போனில் கேட்பவனிடம் யாராவது சொல்லுவார்களா? எதற்கென்று தெரியாமல் வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போட எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி கூட யோசிப்பார்.

யுபிஐ 2016-ல் வந்தது. இன்று கீரை விற்பவர் தள்ளுவண்டியில் கூட க்யூஆர் அட்டை தொங்குகிறது. பழைய கட்டிலை ஆன்லைனில் விற்க விளம்பரம் போடுபவருக்கு ஒரு போன் வருகிறது. "சார், இந்தக் க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க, பணம் வந்துடும்." போட்டவுடன் பணம் போகிறது. பின் என்பது கல்லாவைத் திறக்கும் சாவி. பணம் உள்ளே வரச் சாவி தேவையில்லை, வெளியே போகத்தான் தேவை. பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின்னும் வேண்டாம். இந்த ஒரு வரியை ஒவ்வொரு வீட்டு காலண்டரிலும் அச்சடிக்கலாம். கூடவே 1930 என்ற எண்ணையும் போடலாம், பணம் போனவுடன் புகார் செய்வதற்கான தேசிய உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவு நல்லது.

தமிழில் சொன்னால் தீர்ந்துவிடுமா?

எல்லாவற்றுக்கும் தமிழ்ச் சொல் வைத்துவிட்டால் புரிந்துவிடும் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். பாதி உண்மை. 'கடவுச்சொல்' அருமையான சொல், கடந்து உள்ளே போவதற்கான சொல் என்று தன்னைத் தானே விளக்கிக்கொள்கிறது. 'உலாவி', 'கோப்பு' இரண்டும் அப்படியே. ஆனால் ரேமையும் ஸ்டோரேஜையும் சேர்த்து 'நினைவகம்' என்று சொன்னால் கடைப் பையனின் 'மெமரி' தமிழ்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்கிறது, அவ்வளவே. எந்த மொழிச் சொல்லாக இருந்தாலும் அது என்ன செய்யும் என்று கூடவே சொல்ல வேண்டும்.

இன்னொரு சாரார், "பெரியவங்களுக்கு இதெல்லாம் எதுக்கு, பேரன் பார்த்துக்குவான்" என்கிறார்கள். பேரன் காலேஜுக்குப் போயிருக்கும் நேரத்தில்தானே அந்தப் போன் வருகிறது! மளிகைக் கடையில் பற்று எது வரவு எது என்று அந்தப் பெரியவருக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. காசு சம்பந்தப்பட்டது என்பதால் தானே கற்றுக்கொண்டார். பி.காம் படிப்பவர்களில் சிலரை விடத் தெளிவாகவே கற்றுக்கொண்டார். அவருக்குப் புரியாது என்று சொல்வது, விளக்கத் தெரியாதவர்கள் கண்டுபிடித்த சாக்கு.

அவரைத் தடுப்பது மூளை அல்ல, கூச்சம். "இதுகூடத் தெரியாதா?" என்று ஒரு முறை கேலி செய்தால் அடுத்த முறை கேட்க மாட்டார். கேட்காமலே 'ஓகே' அழுத்துவார். போட்டோ போகும், பணம் போகும், விண்ணப்பம் போகும். கேலி செய்தவனுக்கு ஒன்றும் போகாது.

கணினி படித்தவர்கள் வேறொன்றும் செய்ய வேண்டாம். வீட்டில் அம்மாவோ, பக்கத்து வீட்டு மாமாவோ கேட்டால் விரிவாக்கத்தை ஒதுக்கிவிட்டு, காசு, அழிவு, சாவி என்று மூன்றில் எது சம்பந்தப்பட்டதோ அதைச் சொன்னால் போதும். இரண்டு நிமிட வேலை. "ரெண்டும் மெமரின்னா எதுக்கு ரெண்டு நம்பர்?" என்று கேட்ட பெரியவருக்கு, "ஒண்ணு மேசை, ஒண்ணு குடோன் ஐயா" என்று கடைப் பையன் சொல்லியிருந்தால், அவரே மேற்கொண்டு நாலு கேள்வி கேட்டு, தனக்கு எது வேண்டும் என்று முடிவு செய்திருப்பார்.

அப்படியே பிளஸ் டூ வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு மதிப்பெண் விரிவாக்கக் கேள்வியை எடுத்துவிட்டு, அந்தப் பெரியவரின் கேள்வியை இரண்டு மதிப்பெண்ணுக்குக் கேளுங்கள்.